ரொனால்டின் இரண்டு தேதிகள்

செய்தி வந்து சேர்ந்தபோது காலை மணி பதினொன்று பத்து. நாகல் நகரில் தன் தையல் கடையில் உட்கார்ந்து ஆனந்தமேரி ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். சந்தன நிறத் துணி. வருகிற செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி மணிமேகலை அதைப் போட்டுக்கொண்டு மேடை ஏற வேண்டும். ஐந்து கொக்கிகள் முடிந்திருந்தன. ஆறாவது கொக்கியை வைத்து, இரண்டே சுற்றில் முடிச்சுப் போடப் போனாள்.

மற்ற ஐந்துக்கும் ஏழெட்டுச் சுற்று நூல் ஓடியிருந்தது. கடைசிக் கொக்கிக்கு மட்டும் எப்போதும் இரண்டுதான். நாலு வருடமாக இதுதான் வழக்கம். மணிமேகலை கை தூக்கித் தன் புருஷனின் நினைவுத் தூணுக்கு மாலை போடும்போது, அத்தனை அதிகாரிகளுக்கு முன்னால் அந்தக் கொக்கி தெறித்து விழ வேண்டும். ஆனந்தமேரியின் ஆசை அவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் "பொறாமைப்பட்டேன் சாமி" என்று பொதுவாகச் சொல்வாளே தவிர, கொக்கியைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை.

மாடியிலிருந்து மாமனார் ராயப்பராஜ் இறங்கி வந்தார். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். காலையில் எழுந்ததும் பூப்படம் போட்ட வணக்கமும், மதியம் கருஞ்சீரக வைத்தியமும் ஊருக்கெல்லாம் அனுப்புவது அவர் வேலை. இன்றைக்குப் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"மேரி, மெஷின நிப்பாட்டு."

"நிப்பாட்டித்தான் மாமா இருக்கு. கைவேலை பாக்குறேன். என்ன, மறுபடியும் கருஞ்சீரகமா?"

"இல்லம்மா. ரொனால்டு பேரு வந்திருக்கு."

ஐந்து வருடத்துக்கு முன்னால் எல்லையில் பதினோரு நாள் சண்டை நடந்ததே, அதைப் பற்றி அரசு தனக்குள் நடத்திய விசாரணையின் அறிக்கையை உள்ளேயிருந்த யாரோ வெளியே விட்டுவிட்டார்கள். நூறு பக்கத்துக்கு மேல். ராயப்பராஜ் முப்பத்தோராம் பக்கத்தை விரித்து, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ஒரு அட்டவணை. ஏழு பெயர். மூன்றாவது மணிமேகலையின் புருஷன் பழனிக்குமார், சேவுகம்பட்டி. நாலாவது அவள் புருஷன் ரொனால்டு, நாகல் நகர். ஏழு பேருக்கும் ஒரே இடம், ஒரே நேரம்: செப்டம்பர் பன்னிரண்டு, விடிகாலை நாலு நாற்பது. நம் பக்கத்துப் பீரங்கி குறி தவறி, குண்டுகள் நம் சாவடி மேலேயே விழுந்திருக்கின்றன.

அதற்கடுத்த கட்டத்தின் தலைப்பு, 'அறிவிக்க வேண்டிய விவரம்'. பழனிக்குமாருக்கு நேரே: எதிரியோடு போரிட்டு வீரமரணம். ரொனால்டுக்கு நேரே: பதினாறாம் தேதி, சாலை விபத்து. கீழே ஒரே வரியில் காரணம் எழுதியிருந்தது. சொந்தக் குண்டில் ஒரே நாளில் ஏழு பேர் போனது சண்டை நடக்கையில் வெளியே தெரியக் கூடாது. அதனால் மூன்று பேரை எதிரியின் கணக்கிலும், நாலு பேரைச் சாலையின் கணக்கிலும் சேர்க்கலாம்.

ராயப்பராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனந்தமேரிக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது ஒரு நினைப்பு, அதுவும் தெளிவாக வந்தது: அப்போ அவளுக்கும் இல்லை. மணிமேகலைக்கும் வீரப் புருஷன் இல்லை. அடுத்த நொடியே கூசிப்போனாள். ஆனால் முந்திக்கொண்டு வந்தது அதுதான்.

ரொனால்டும் பழனிக்குமாரும் ஒரே படைப்பிரிவில் ஆறு வருடம் இருந்தவர்கள். விடுமுறைக்கு ஒரே ரயிலில் வருவார்கள். திண்டுக்கல் ஜங்ஷனில் இறங்கி ஒன்றாக டீ குடித்துவிட்டு, இவன் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருவான், அவன் வத்தலக்குண்டு பஸ் ஏறுவான். பழனிக்குமாரை ஆனந்தமேரி அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு வீட்டுக்கும் பண்டிகைப் பலகாரம் போகும் வரும். அப்போதெல்லாம் பொறாமைப்பட எதுவும் இல்லை.

சண்டை நடந்த வருடம் செப்டம்பர் பதினோராம் தேதி சாயங்காலம் ரொனால்டு போனில் பேசினான். எங்கே இருக்கீங்க என்று கேட்டதற்கு, "இருக்கிற எடத்துல இருக்கேன். நாளைக்குக் கூப்பிடுறேன்" என்றான். மறுநாள் கூப்பிடவில்லை. அன்றைக்கே பழனிக்குமார் இறந்த செய்தி வந்தது. பதினாலாம் தேதி உடல் வந்தபோது செம்பட்டியிலிருந்து சேவுகம்பட்டி வரை ரோட்டோரமெல்லாம் ஜனம். தன்னந்தனியாகக் கடைசித் தோட்டா வரைக்கும் நின்று சுட்டான் என்று மைக்கில் சொன்னார்கள். ஆனந்தமேரி போய் மணிமேகலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழும்போதே உள்ளுக்குள், என் ஆள் இருக்கான், என் ஆள் இருக்கான் என்று ஒரு மணி அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்தே அவனுக்கு வாட்ஸப்பில் எழுதினாள்: 'மேகலையப் பாத்துட்டு வாரேன். ஒரு வார்த்தை பேசுனா என்ன கொறஞ்சா போயிருவீங்க?' ஒற்றை டிக். மறுநாள் இன்னும் கோபமாக இரண்டு. அதற்கும் ஒற்றை டிக்.

பதினாறாம் தேதி அவளுக்குத் தகவல் வந்தது. ஐந்தாம் தேதியே ரொனால்டை இருநூறு கிலோமீட்டர் பின்னாலிருந்த கிடங்குக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கே லாரி கவிழ்ந்துவிட்டதாம். பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். கொடி போர்த்தியிருந்தது, ஆனால் கூட வந்தவர்கள் நாலு பேர். கல்லறைத் தோட்டத்தில் பின்னால் நின்ற ஒருவர் இன்னொருவரிடம், "சண்டையில இல்லியாம்ப்பா. லாரி கவுந்த கேசாம்" என்றது அவள் காதில் விழுந்தது. அந்த வார்த்தை அதற்குப் பிறகு காதை விட்டுப் போகவில்லை.

பழனிக்குமாருக்கு ஊர் நுழைவில் தூண் எழும்பியது. பஸ் நிறுத்தத்துக்கு அவன் பெயர் வந்தது. மணிமேகலைக்கு டவுனில் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது; ஆனந்தமேரி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்தாள். குடியரசு தினம், சுதந்திர தினம் என்று அழைப்பிதழ் வந்தது. ஆனந்தமேரிக்கு ஓய்வூதியம் வந்தது, அழைப்பிதழ் வரவில்லை. போதாக்குறைக்கு அவள் மகள் லிடியா பள்ளிப் பேச்சுப் போட்டியில் பழனிக்குமாரின் வீரத்தைப் பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கி வந்தாள். ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. ஆனந்தமேரி அதில் சோறு கட்டிக் கொடுக்க மனம் வராமல், கொக்கிகளைப் போட்டு வைத்தாள்.

இத்தனைக்கும் மேலாக, மணிமேகலை ஒவ்வொரு வருடமும் நினைவு நாள் ஜாக்கெட்டை இங்கேயே தைக்கக் கொடுத்தாள். ஊரில் வேறு தையல்காரியே இல்லாததுபோல. பவுசு காட்டத்தான் வருகிறாள் என்று ஆனந்தமேரி நினைத்தாள். அளவு எடுக்கும்போது டேப்பைக் கொஞ்சம் இறுக்கியே பிடிப்பாள்.

இப்போது மாமனார் மாடிக்குப் போன பிறகு, அவள் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துத் தேதிகளைக் கூட்டிக் கழித்தாள். முதல் வருடம் பன்னிரண்டாம் தேதி சேவுகம்பட்டிக் கூட்டத்தில் நின்று, தூணைப் பார்த்து வயிறு எரிந்தாள். அது ரொனால்டின் நாள். இரண்டாம் வருடம் லிடியா அந்தப் பேச்சைப் பேசியது அதே நாளில். மூன்றாம் வருடம் ஒரு நிச்சயதார்த்தத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டாள். பதினாறாம் தேதிதான் கோயிலில் அவன் பெயருக்குப் பூசை. நாலு பூசையும் நாள் தப்பிப் போய்விட்டன. பழனிக்குமாருக்கு மட்டும் திதி சரியான நாளில் கொடுக்கப்பட்டது. அதிலும் மணிமேகலைதான் முந்திக்கொண்டாள்.

சாயங்காலமே அரசு சார்பில் மறுப்பு வந்தது. வெளியான அறிக்கை போலி, நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கும் முயற்சி என்றார்கள்.

"போலியா இருந்தா எம்மகன் பேரு அந்தக் களவாணிக்கு எப்படிய்யா தெரியும்?" என்று ராயப்பராஜ் டிவியைப் பார்த்துக் கத்தினார்.

பக்கத்துத் தெரு வக்கீல் முகமது பாரூக் நிதானமான மனிதர். "வழக்குப் போடலாம்மா. ஆனா இந்தப் பேப்பர் மட்டும் பத்தாது. பதினாறாம் தேதிக்கு முந்தியே ரொனால்டு அந்தச் சாவடியில இருந்தாரு, அங்கதான் போனாருன்னு காட்ட ஏதாச்சும் கைல வேணும். இருக்கா?"

அவளிடம் இருந்தது ஒற்றை டிக் விழுந்த மூன்று செய்திகள்தான். அவற்றை யாரிடமும் காட்ட அவளுக்கு மனமில்லை. ரொனால்டின் பெயருக்கு முன்னாலிருந்த லாரியை எடுத்துவிட வேண்டும், பன்னிரண்டாம் தேதி அவனுக்குப் பூசை வைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குக்கூட வழியில்லை என்று நினைத்தபடி கடையைச் சாத்தினாள்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு மணிமேகலை வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனந்தமேரி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். சண்டைக்கு வந்திருக்கிறாளா, அழ வந்திருக்கிறாளா என்று தெரியவில்லை.

"ஜாக்கெட் முடிஞ்சிருச்சாக்கா?"

"ஒரு கொக்கி பாக்கி."

"அந்தக் கடைசிக் கொக்கியா?"

ஆனந்தமேரி நிமிர்ந்து பார்த்தாள்.

"வருசா வருசம் அதப் பிரிச்சு நானே தச்சுக்குறேன்க்கா. ரெண்டே சுத்து. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

ஆனந்தமேரிக்குக் காது மடல் சுட்டது. "தெரிஞ்சுமா எங்கிட்டயே கொண்டாந்து குடுத்த?"

"எனக்கு வேற சோலி இருந்துச்சு."

மணிமேகலை கைப்பையைத் திறந்து ஒரு காகித உறையை எடுத்தாள். அதிலிருந்து கட்டைவிரல் நீளத்தில் ஒரு துணிப்பையை எடுத்து மெஷின் பலகை மேல் வைத்தாள். அரக்கு நிறப் பட்டுத் துணி, அழுக்கேறிக் கறுத்திருந்தது. கழுத்தில் மாட்டும் நாடா ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. உள்ளே பத்து மணி கோத்த சின்ன ஜெபமாலை. பையைப் புரட்டினால் உள்பக்கம் 'ஆ' என்று ஒற்றை எழுத்து, அரக்கு நூலில்.

"இது யாரு தச்சது?" மணிமேகலையின் குரல் திடீரென்று கடினமாக இருந்தது.

"நான்."

"யாருக்கு?"

"யாருக்கா? எம்புருசனுக்கு. எங் கல்யாண ஜாக்கெட்ல மிச்சப்பட்ட துணி இது. மொத லீவு முடிஞ்சு போறப்ப தச்சுப் போட்டேன். குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டாரு." ஆனந்தமேரி பையை நோக்கிக் குனிந்தாள். "உங்கிட்ட எப்படி வந்துச்சு?"

"அவரு பெட்டியோட வந்த சாமான்ல இருந்துச்சு. பதினாலாம் தேதி. பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக் குடுத்தாங்க. கைக்கடியாரம், பர்சு, அது இது, ஏழாவதா இந்தப் பையி." மணிமேகலை மூக்கை உறிஞ்சினாள். "அண்ணன் அப்ப உசுரோட இருக்காருன்னு நீங்களே சொல்லிட்டிருந்தீங்க. அப்பறம் எங்கயோ கிடங்குல, பதினாறுல போயிட்டாருன்னாங்க. அப்ப இந்தப் பையி எம்புருசன் சாமான்ல எப்படி வரும்? நீங்க குடுத்தாத்தான வரும்?"

அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று விளங்கியதும் ஆனந்தமேரி கத்தரிக்கோலை டக்கென்று கீழே வைத்தாள்.

"ஏண்டி, உம்புருசன அண்ணேன்னு கூப்பிட்டவடி நானு!"

"அண்ணேன்னு கூப்பிட்டா ஆச்சா? எங்க ஆபீஸ்ல ஒருத்தி அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டுத்தான் போன மாசம் ஓடிப் போனா."

"அதுக்கு? அஞ்சு வருசமாவா இத நெஞ்சுல வச்சிட்டு எங்கிட்ட அளவு குடுத்த?"

"அதுக்குத்தான் வந்தேன். இந்தத் தையலும் உங்க தையலும் ஒண்ணான்னு பாக்க. மொத வருசமே தெரிஞ்சு போச்சு, ஒண்ணுதான்னு. நீங்க டேப்பு புடிக்கிறப்பல்லாம் உங்க கையவே பாத்துட்டு நிப்பேன். இந்தக் கைதான, இந்தக் கைதானன்னு." மணிமேகலை அழ ஆரம்பித்தாள். "ஊரே அந்தத் தூணக் கும்புடுதுக்கா. நான் மட்டும் மாலைய வச்சுக்கிட்டு, அடப்பாவி, அவ தச்சத நெஞ்சுல போட்டுட்டுத்தான செத்தன்னு திட்டிட்டு நின்னேன். யாருகிட்டப் போய்ச் சொல்ல? வீரன் பொண்டாட்டி சொல்ற பேச்சா அது?"

ஆனந்தமேரிக்கு அவளை அறையலாம் போலிருந்தது, சிரிக்கலாம் போலும் இருந்தது. கடைசியில் பையைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். பழைய ஊதுபத்தி வாசனைதான் வந்தது.

"எங்க வச்சிருந்த?"

"பூசை அலமாரிக்கு அடியில. எரிச்சல் வந்தா எடுத்துப் பாப்பேன்."

அப்போது ஆனந்தமேரிக்குப் புதிதாக ஒரு பொறாமை கிளம்பியது. தூணும் பஸ் நிறுத்தமும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ரொனால்டின் நெஞ்சில் கடைசியாகக் கிடந்தது இது. சீல் வைத்த பெட்டியில் அவளுக்குக் கிடைக்காமல் போனது இது. இவளுக்குக் கிடைத்திருக்கிறது. வேண்டியபோதெல்லாம் இவள் எடுத்துப் பார்த்திருக்கிறாள், அதுவும் எரிச்சலோடு.

"பட்டியல் இருக்கா?" என்றாள் சுருக்கமாக.

உறைக்குள் அதுவும் இருந்தது. ராயப்பராஜைக் கீழே கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி மூன்று தடவை படித்தார்.

"தேதி செப்டம்பர் பதினாலு. முத்திரை இருக்கு. பதினாலாம் தேதி உசுரோட கிடங்குல இருந்தவன் கழுத்துல கெடந்தது, செத்தவன் சாமான்ல வந்து கெடக்கு. எவனோ அவசரத்துல ரெண்டு பேரு சாமானையும் கலந்து கட்டிருக்கான்." அவர் பட்டியலைப் பலகை மேல் வைத்தார். "அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கட்டும்."

மணிமேகலையின் போன் அடித்தது. பழனிக்குமாரின் அப்பா ஒச்சப்பன், சேவுகம்பட்டியில் பூ விவசாயம் செய்கிறவர். அவர் பேசுவது ஸ்பீக்கர் போடாமலே கடை முழுக்கக் கேட்டது.

"ஏத்தா, எங்க இருக்க? டிவிக்காரன் வந்து தூணுக்கு முன்னால நிக்கிறான். நம்ம குண்டுல நாமளே செத்தோம்னு சொல்லச் சொல்றான். நீ வாயத் தொறந்துறாத. எம்மகன் பேருல ஒரு தூசி விழப்படாது."

மணிமேகலை ஆனந்தமேரியைப் பார்த்தாள். பட்டியல் பலகை மேல் கிடந்தது. அதை எடுத்து மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால் கேட்க யாருமில்லை. தூண் தூணாக நிற்கும், லாரி லாரியாகக் கிடக்கும். ஆனந்தமேரி அந்தக் காகிதத்தின் மேல் கை வைக்கவில்லை. வைத்தால் பிடுங்கிவிடுவோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"மாமா," என்றாள் மணிமேகலை போனில், "அவரு தனியாச் சாகல. கூட ஆறு பேரு இருந்திருக்காக. ரொனால்டு அண்ணன் பக்கத்துல இருந்திருக்காரு. எனக்கு அது போதும். நான் கையெழுத்துப் போடப் போறேன்."

"அறிவு கெட்டுப் போச்சாத்தா ஒனக்கு?"

"நீங்க தூணத்தான பாத்தீங்க. நான் வேற ஒண்ணப் பாத்துட்டுக் கெடந்தேன். வீட்டுக்கு வந்து சொல்றேன்." போனை வைத்துவிட்டாள். "தண்ணி குடுங்கக்கா."

ஆனந்தமேரி சொம்பை எடுத்து நீட்டினாள். நன்றி சொல்ல வாய் வரவில்லை. இவள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள், இதிலும் இவளே முந்திக்கொண்டாள் என்று கசந்தது. அதை விழுங்கிக்கொண்டு, டிபன் டப்பாவைத் திறந்து கொக்கி ஒன்றை எடுத்தாள். கடைசிக் கொக்கியை எட்டுச் சுற்றுச் சுற்றித் தைத்தாள். மணிமேகலை ஜாக்கெட்டை வாங்கி, நம்பாதவள்போல அந்தக் கொக்கியை இழுத்துப் பார்த்தாள்.

"இது தெறிக்காதுக்கா."

"தெறிக்காது. போட்டுக்கிட்டுப் போ. மேடையில என்ன சொல்லப் போற?"

"தெரியல. மேடை இருக்குமான்னே தெரியலயே."

மேடை இருக்கவில்லை. ஒச்சப்பன் அந்த வருடம் கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டாம் தேதி காலையில் கோயிலில் ரொனால்டின் பெயருக்குப் பூசை நடந்தது. சாமியார் பெயரைச் சொன்னபோது ராயப்பராஜ் உரக்க ஆமென் சொன்னார். கடைசி பெஞ்சில் சந்தன நிற ஜாக்கெட்டில் மணிமேகலை உட்கார்ந்திருந்தாள். எப்போது எழ வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்று தெரியாமல் லிடியாவைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். பூசை முடிந்ததும் தூணுக்கு மாலை போடச் சேவுகம்பட்டி பஸ்ஸைப் பிடித்தாள். கூட வாங்க என்று கூப்பிட்டாள். ஆனந்தமேரி போகவில்லை. ரொனால்டின் பெயரும் அதில் ஏறட்டும், வருகிறேன் என்றாள்.

வழக்கு நடக்கிறது. இரண்டு பேருடைய கையெழுத்தும் ஒரே மனுவில் இருக்கின்றன. அரசுத் தரப்பு நாலு தடவை அவகாசம் வாங்கியிருக்கிறது. கல்லறையில் பதினாறு அப்படியே இருக்கிறது.

மணிமேகலை பையைக் கொடுத்த அன்றே, அவள் கிளம்பிப் போனதும், ஆனந்தமேரி அறுந்த நாடாவைத் தைத்துவிடலாம் என்று அரக்கு நூலை எடுத்து ஊசியில் கோத்தாள். ஊசியைத் துணியில் வைக்கும் முன் ராயப்பராஜ் போனோடு ஓடி வந்தார். வக்கீல் பாரூக் லைனில் இருந்தார். "அதத் தொட்றாதீங்கம்மா. ஒரு தையல் போட்டீங்கன்னா சாட்சியக் கலைச்சதா ஆயிரும். எப்படி இருக்கோ அப்படியே கொண்டாங்க" என்றார். பை அன்று சாயங்காலம் அவருடைய அலுவலகத்தில் பழுப்பு உறைக்குள் போய், அங்கிருந்து நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அவள் கையில் அது இருந்தது மூன்று மணி நேரம்.

கோத்த ஊசி கடைச் சுவரில், நாள்காட்டியின் அட்டையில், ஒரு முழம் அரக்கு நூலோடு குத்தியபடி இருக்கிறது. நாடா இன்னும் தைக்கப்படவில்லை.